பன்னிரண்டு கிலோவாட் அடுப்பும் உன் அப்பாவும்

ஹம், ஜேர்மனி,
ஞாயிறு மத்தியானம், நவம்பர்

அன்பு மகள் வேணுஜாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகன் சேயோனும் பேரன் நரேஷும் மெல்பேர்னில் நல்ல சுகத்தோடு இருக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்க வேண்டும். உடம்புக்குக் குறையில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், மனதுக்கு என்று எழுதவில்லை, அதைக் கவனி. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்தில் வந்து குந்திவிடுகிறார், அதுதான் இத்தனை வருடத்துக்குப் பிறகு பேனையைத் தேடி எடுத்தேன்.

அவர் வாங்கி வைத்திருக்கிற விறகு அடுப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். வீடியோவில் கண்ணாடிக் கதவையும் உள்ளே எரிகிற நெருப்பையும் காட்டினார், நீயும் வடிவாயிருக்கு அப்பா என்றாய். வடிவுக்கு என்ன குறை, அதை வைத்திருக்கிற இடத்தைக் காட்டினாரா? எங்கள் முன்னறை எவ்வளவு என்று உனக்குத் தெரியும், சோபாவைப் போட்ட பிறகு ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். அந்த அறைக்கு ஐந்து கிலோவாட் அடுப்பே போதும், கூட வேண்டாம் என்று கடைக்காரர் பென்ஜமின் படித்துப் படித்துச் சொன்னாராம். இந்த மனிசன் கேட்கவில்லை, பன்னிரண்டு கிலோவாட்டைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். சுவரிலிருக்கிற ஹைட்சுங் சூடாக்கியின் குமிழை இரண்டுக்கு மேல் திருப்ப விடாமல் இவ்வளவு காலமும் எங்களைக் கம்பளிக்குள் வைத்திருந்த அதே ஆள்தான்.

இப்போது பற்றவைத்துக் கொஞ்ச நேரத்தில் முன்னறையில் சித்திரை வெயில் எரிக்கிறது. இந்தக் குளிரில் இங்கே எல்லார் வீட்டிலும் தேங்காய் எண்ணெய் கல்லாய் இறுகிக் கிடக்க எங்கள் வீட்டில் மட்டும் தண்ணீராய் ஓடுகிறது. சாமிப் படத்துக்குப் போட்ட பூ பின்னேரத்துக்குள் கருகிவிடுகிறது. அவர் சாரத்தோடு, மேலில் ஒன்றுமில்லாமல், வேர்வையைத் துடைத்துத் துடைத்து இதமாயிருக்கு என்கிறார். நான் யன்னலைத் திறக்க, அவர் பூட்ட, நான் திறக்க, பக்கத்து வீட்டுப் பெண் வந்து எல்லாம் சரிதானே என்று கேட்டுவிட்டுப் போனாள். மேலே படுக்கையறையிலோ ஐஸ், ஏறி இறங்கி எனக்குத் தடிமன் பிடித்ததுதான் மிச்சம்.

சூடு தாங்காமல் என்ன செய்கிறார் தெரியுமா, அடுப்புக்குள் காற்றுப் போகிற வழியை அடைத்துவிடுகிறார். விறகு எரியாமல் கிடந்து புகைகிறது, கண்ணாடி சோற்றுப் பானை அடி மாதிரிக் கறுக்கிறது, ஈரக் கடதாசியில் சாம்பல் தொட்டு உரஞ்சுகிறவள் நான். குறைய விறகு வையுங்கோ என்றால் அதற்கும் ஒழுங்காய் எரியாது, இவ்வளவு பெரிய வயிறு கையளவு விறகில் சூடேறாதாம். போன கிழமை புகைபோக்கி பார்க்கிறவர் வந்து மேலே பார்த்துவிட்டு அப்பாவை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே தார் பிடித்திருக்கிறது, இப்படியே அடைத்து எரித்தால் ஒருநாள் அந்தத் தார் பற்றி நெருப்புக் கூரைக்குப் போகும், முழுதாய்த் திறந்து எரிக்க ஏலாவிட்டால் இந்த அடுப்பு இந்த அறைக்குரியதில்லை, மாற்றுங்கள் என்றார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை மகள். இவரிடம் சொன்னால் அவை அப்பிடித்தான் சொல்லுவினம் என்று டிவியைப் போடுகிறார்.

கடைசியில் நானே பென்ஜமினுக்குப் போன் எடுத்தேன். நல்ல மனிதர், வியாழக்கிழமை வந்து பார்த்துவிட்டு, இந்த மாதம் முடிய முதல் என்றால் எடுத்துக்கொண்டு சின்னது தருகிறேன் என்றார். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பிறகு டொச் மொழியில், நாங்கள் ஐந்து பேர் என்றார். பென்ஜமின் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அடுப்பை அறையின் அளவுக்குத்தான் எடுக்க வேண்டும், ஆள்கணக்குக்கு இல்லை என்று அவர் பொறுமையாய் விளங்கப்படுத்தினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, வாறவைக்கும் சேர்த்து ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டு உலை வைக்கிற எங்கள் பழக்கத்தில் இவர் அடுப்பும் வாங்கியிருக்கிறார். போன மார்கழியில் நத்தாருக்கு நீங்கள் மூன்று கிழமைக்கென்று வந்து, நரேஷ் இருமுகிறான், வீடு குளிர் என்று ஐந்தாம் நாளே மருமகனின் தமக்கை வீட்டுக்கு டோர்ட்முண்டுக்குப் போனீர்களே, அதை இவர் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. பென்ஜமின் போன பிறகு, நான் திட்டத் தொடங்க முதல், அவரே சொன்னார்: "சின்ன அடுப்பை வாங்கினால், அவையள் இனி வரமாட்டினம் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி, புஸ்பம்." பிறகு குசினிக்குப் போய்த்தான் திட்டினேன், உன்னையும் சேர்த்து.

ஆகவே ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. ஒவ்வொரு முறையும் போனில் பார்ப்பம் அம்மா, பார்ப்பம் அப்பா என்கிறாய். உனக்கு வேலை, சேயோனுக்கு லீவு இல்லை, டிக்கெட் விலை, எல்லாம் எனக்கு விளங்குகிறது, வராவிட்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பார்ப்பம் என்ற சொல்லை நம்பி ஒரு மனிசன் கூரையில் நெருப்பு வைக்கப் பார்க்கிறார். வருவீர்கள் என்றாலும் அதே அறைதான், சின்ன அடுப்பே ஐந்து பேருக்கும் காணும், ஹைட்சுங் குமிழையும் நான் திருப்பிவிடுகிறேன், என் கையைப் பிடிக்கட்டும் பார்ப்போம். வரமாட்டீர்கள் என்றால் அதையும் சொல்லு.

பிள்ளைக்குத் தொப்பி போடாமல் வெயிலில் விடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ என் ஆசீர்வாதம். மாதம் முடிய முதல் போன் எடு, மறந்துவிடாதே. எடுத்து என்னைக் கேட்காதே, அப்பாவைக் கேள். வாறம் என்றோ வரேல்லை என்றோ உன் வாயால் அவருக்குச் சொல்லு. அதை அவருக்குச் சொல்ல என்னால் ஏலாது.

அன்புடன்,
அம்மா
ம. புஸ்பவதி