நான் எழுதாமல் விட்ட இரண்டு வரி

மரியே வாழ்க

வெள்ளிமலை
9-10-97

அன்பு மகள் ரீத்தாவுக்கு அம்மா எழுதறது. நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீயும் அதே மாதிரி இருக்கணும்னு மாதாவை வேண்டிக்கிறேன். உடம்புக்கு மட்டும்தான் சொல்றேன், மத்ததைக் கீழ எழுதறேன். இந்தக் கடுதாசியை பேங்க்ல வச்சிப் பிரிச்சிருந்தா அப்படியே மடிச்சி பையில போட்டுக்கோ. ரூமுக்குப் போயி, கூடத் தங்கிக்கினு இருக்கிற அந்தப் பொண்ணைப் பக்கத்துல உக்கார வச்சிக்கினு படி. அதுக்குத் தமிழ் தெரியாதுதான், பரவாயில்லை, பக்கத்துல ஒரு ஆளு இருந்தா போதும். இது தம்பி சவரியைப் பத்தின கடுதாசி.

இங்க அஞ்சு நாளா விடாத மழை. பாறை சரிஞ்சி ரோட்டுல விழுந்து கிடக்குது, பஸ்சு மலை ஏறலை, ஜீப்பு மட்டும் ஓரமா ஒதுங்கி ஏறி இறங்குது. ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு அரிசி வந்து சேரலை, இருக்கிற சாமையைத்தான் பொங்கிப் போட்டுக்கினு இருக்கேன், அதுங்க மூஞ்சைத் தூக்கிக்கினு திங்குதுங்க. வெறகு எல்லாம் ஈரம், ஊதி ஊதி எனக்கு நெஞ்சே காஞ்சிப் போச்சி. உங்கப்பாவுக்குக் கண்ணுல புரை ஜாஸ்தியாயிடுச்சி, எதிர்ல நிக்கறது யாருன்னு குரலை வச்சித்தான் சொல்றாரு. அப்படியும் இப்ப குடையை எடுத்துக்கினு வாசல்ல நிக்கறாரு. பத்து மணிக்கு தனசேகரனோட ஜீப்பு கீழ போவுது, அதுல போயி கள்ளக்குறிச்சியில இந்தக் கடுதாசியைத் தானே தபால்ல போடப் போறாராம். நான் போறேன்னா கேக்க மாட்டேங்கறாரு. அதனால வேகமா எழுதறேன், கோணல் மாணலா இருந்தா கோவிச்சிக்காதே.

போன மாசம் நீ போட்ட கடுதாசியை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன். சவரி ஈஸ்டருக்கு அப்புறம் கேரளாவுக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனான், ரெண்டே ரெண்டு கடுதாசி போட்டான், மே மாசத்துல இருந்து ஒண்ணும் இல்லை. மேஸ்திரியைக் கேட்டா வேற ஆளுங்களோட வேற ஊருக்குப் போயிட்டான்றான். ஆகஸ்டுல போலீஸ்காரரு அங்க ஆத்துல கிடைச்ச ஒரு பிரேதத்தோட சட்டையும் போட்டோவும் கொண்டாந்து காட்டினாரு, சட்டைக் காலர்ல கள்ளக்குறிச்சி சின்னக்கண்ணு டெய்லர் பேரு போட்ட துணி இருந்திச்சி, அந்த நீலச் சட்டைத் துணியில நாலு பேருக்குத்தான் தச்சேன், மூணு பேரு என் கண்ணு முன்னாடி இருக்காங்கன்னு டெய்லரே சொன்னாரு. இதையெல்லாம் வரிசையா எழுதிட்டு, அம்மா, மனசைக் கல்லாக்கிக்கோ, நம்ம பரீட்சை நோட்டுக் கணக்குல இதுக்கு விடை உண்மையாக இருக்கலாம்ங்கறதுதான், கல்லறைத் திருநாளுக்கு சாமியார் வாசிக்கிற செத்தவங்க லிஸ்ட்ல தம்பி பேரைக் குடுத்துடுன்னு எழுதியிருந்தே. அதுக்கு நான் இன்னா பதில் போட்டேன்? பெத்த வயிறு எனக்குத் தெரியாதா, கூட வேலை செய்யறவன் சட்டையை வாங்கிப் போட்டிருப்பான், உயிரோட இருக்கிற புள்ளைக்குப் பூசை வைக்கச் சொல்றியே நீ அக்காவா, தகவல் போதாதுன்னு நீதானேடி சொல்லிக் குடுத்தேன்னு வாய்க்கு வந்தபடி எழுதிட்டேன். நீ அதைப் படிச்சி எவ்ளோ அழுதிருப்பே. அதுக்கு அப்புறம் உன்கிட்ட இருந்து ஒரு வரி இல்லை. தப்பு என்மேலதான் கண்ணு. உன்மேல ஒரு துளி இல்லை.

நீ பேங்க் பரீட்சைக்குப் படிச்ச அந்த நோட்டு இன்னும் சாமான் ரூம்ல அரிசி டின்னு மேலதான் இருக்குது. புத்தகத்துல இங்கிலீசுல இருக்கிறதை நீ தமிழ்ல எழுதிக்கினு வந்து எனக்குப் படிச்சிக் காட்டுவே, அடுத்தவங்களுக்குச் சொன்னாதான் எனக்கு ஏறும்னு சொல்லுவே. நான் முறத்துல சாமை புடைச்சிக்கினே கேப்பேன். ஒவ்வொரு பத்திக்குக் கீழயும் அதே அஞ்சு பதில். அ, நிச்சயம் உண்மை. ஆ, உண்மையாக இருக்கலாம். இ, தகவல் போதாது. ஈ, பொய்யாக இருக்கலாம். உ, நிச்சயம் பொய். ஞாபகம் இருக்குதா, ஒரு ஊர்ல மழை இல்லை, மூணு கிணறு வத்திப் போச்சி, அந்த வருஷம் கொஞ்சம் பேரு ஊரை வுட்டுப் போனாங்க, அப்படின்னா தண்ணி இல்லாமதான் போனாங்களான்னு ஒரு கேள்வி. நான் பட்டுன்னு அ-ன்னேன். நீ இல்லைம்மா, ஏன் போனாங்கன்னு பத்தியில இல்லவே இல்லை, நீயா சேத்துக்காதேன்னு சொன்னே. தண்ணி இல்லாம போகாம பின்ன விருந்துக்கா போனாங்கன்னு நான் முறத்தை வச்சிட்டுச் சண்டைக்கு வந்துட்டேன். உங்கப்பா வெறகு பொளந்துக்கினே எல்லாத்துக்கும் போதாது போதாதுன்னு சொல்லுவாரு, அதுல சிலது சரியாப் போயிடும், நான் அப்பவே சொன்னேன் பாருன்னு மீசையைத் தடவிக்குவாரு. சவரி நம்ம மூணு பேரையும் பார்த்து, இந்த வூட்டுல சோறு வெந்துச்சான்னு கேட்டாகூட அஞ்சு பதில் வரும்னு கேலி பண்ணுவான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஆகஸ்டுல போலீஸ் வந்ததை நான் உனக்கு எழுதினேன் இல்ல, முகம் தண்ணியில ஊறி உப்பிப் போயிருந்திச்சி, அடையாளமே இல்லை, நம்ம புள்ளை இல்லைன்னு சொல்லிட்டேன்னு. அதுல ரெண்டு வரியை எழுதாம வுட்டுட்டேன். மறந்து போயி வுடலை ரீத்தா, வேணும்னேதான் வுட்டேன். சவரி கிளம்புற அன்னைக்குக் காலையில அந்த நீலச் சட்டையில கீழ இருந்து ரெண்டாவது பட்டன் அறுந்திருந்திச்சி. பஸ்சுக்கு நேரமாயிடுச்சின்னு அவன் குதிச்சிக்கினு இருந்தான். நீல நூலைத் தேடினா கிடைக்கலை, டப்பாவுல பச்சை நூல்தான் இருந்திச்சி, இன்னாம்மா இது நல்ல சட்டையைக் கெடுக்கறியேன்னு கத்தினான், போடா யாரு உன் பட்டனை உத்துப் பாக்கப் போறாங்கன்னு அவன் போட்டிருக்கும்போதே தச்சி, பல்லால நூலைக் கடிச்சி வுட்டேன். போலீஸ்காரரு பேப்பரைப் பிரிச்சிச் சட்டையைக் காட்டினாரு பாரு, அதுல கீழ இருந்து ரெண்டாவது பட்டன் பச்சை நூல். நான்தான் உத்துப் பார்த்தேன்.

சட்டை மாறியிருக்கலாம்னு நீ சொல்லுவே, நானும் அதையேதான் புடிச்சிக்கினேன். சட்டையை வச்சி ஆளைச் சொல்ல முடியாது, பத்தியில இல்லாததைச் சேத்துக்கக் கூடாது, அப்படின்னு மனசுக்குள்ளயே உன் குரல்லயே சொல்லிக்கினு போட்டோவைக் கையில வாங்கினேன். முகம் யாருக்கும் தெரியாது, அது நெஜம். ஆனா இடது கை வெளிய தெரிஞ்சிது. சுண்டு விரல்ல நகம் இல்லை. அவனுக்கு மூணு வயசுல, நான் ஹாஸ்டலுக்கு மாவாட்டிக்கினு இருக்கும்போது ஆட்டுக்கல்லுல கையை வுட்டானே, அந்த விரலு. நீதான் அவனைத் தூக்கிக்கினு நர்சம்மா வூட்டுக்கு ஓடினே. சட்டை மாறும், கை மாறுமா சொல்லு. போலீஸ்காரரு நல்லாப் பாத்துச் சொல்லும்மான்னு மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் இல்லைங்கன்னேன். கண்ணு தெரியாம பக்கத்துல உக்காந்திருந்த உங்கப்பா, நம்ம பையனா பாருடின்னு என் முந்தானையைப் புடிச்சி இழுத்தாரு. நம்ம பையன் இல்லைங்கன்னு அவருகிட்டயும் சொன்னேன். இந்தப் பிரேதம் என் மகனுடையது இல்லைன்னு போலீஸ்காரரு ஒரு பேப்பர்ல எழுதி நீட்டினாரு. உபகாரமேரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். யாரும் வரலைன்னா அங்கயே பொதைச்சிடுவாங்கம்மா, நம்பர் மட்டும்தான் இருக்கும்னு அவரு போறப்போ சொல்லிட்டுத்தான் போனாரு. அதையும் காதுல வாங்கினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேப்பே. உங்கப்பா தாங்க மாட்டாருன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். அது சாக்கு. நான் ஆமான்னு சொல்ற நிமிஷத்துல அவன் செத்துப் போயிடுவான், சொல்லாத வரைக்கும் எங்கயோ ஒரு ஊர்ல இருக்கான், அவ்ளோதான் எனக்குத் தோணிச்சி. நீ பரீட்சைக்குச் சொல்லிக் குடுத்ததை நான் கதவுக்குத் தாப்பா மாதிரி போட்டுக்கினு உள்ள உக்காந்துட்டேன். ஆனா உங்கப்பா நான் சொன்னதை அப்படியே நம்பிட்டாரு பாரு, அதுதான் என்னைக் கொன்னுது. அந்தப் பிரேதம் அவன் இல்லைன்னு ஆயிடுச்சி, அப்ப எங்கயோ நல்லா இருக்கான், கல்யாணம் பண்ணி வச்சிட்டா ஊர் ஊரா சுத்த மாட்டான்னு சொல்லிக்கினு சங்கராபுரம் பக்கம் பொண்ணு தேட ஆரம்பிச்சிட்டாரு. பச்சமுத்துன்னு ஒருத்தரு, நம்ம கோயில்காரங்கதான், அவரு பொண்ணைப் பேசி முடிச்சி, வர ஞாயித்துக்கிழமை வெத்தலை பாக்கு மாத்திக்கலாம், பையன் கிறிஸ்மசுக்கு வந்துடுவான்னு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டாரு. பையன் கடுதாசி போடறானான்னு அவங்க கேட்டாங்களாம், அவன் கடுதாசி எழுதற ஆளு இல்லைன்னு இவரு சிரிச்சிக்கினு சொன்னாராம். அந்தப் பொண்ணு சவரிக்காகக் கைக்குட்டையில பூ போட்டுக்கினு இருக்குதாம். என் பொய்யில இன்னொருத்தர் வூட்டுப் பொண்ணும் வந்து உக்காந்துக்கினா நான் மனுஷியா?

நேத்து மத்தியானம் பொண்ணுங்களுக்குச் சோறு போட்டுட்டு, உன் நோட்டை எடுத்துக்கினு உங்கப்பாகிட்ட போயி உக்காந்தேன். வாயைத் திறந்து நேராச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை. கடைசிப் பக்கத்துல நானே ஒரு பத்தி எழுதி வச்சிருந்தேன். ஒரு கேள்வி படிக்கறேன், பதில் சொல்லுங்கன்னேன். ரீத்தா ஞாபகம் வந்துடுச்சா உனக்குன்னு சிரிச்சாரு. படிச்சேன். ஒரு அம்மா மகன் வேலைக்குக் கிளம்பும்போது நீலச் சட்டைக்குப் பச்சை நூல்ல ஒரு பட்டன் தச்சிக் குடுத்தா. அந்த மகனுக்கு இடது கை சுண்டு விரல்ல நகம் கிடையாது. நாலு மாசம் கழிச்சி ஆத்துல கிடைச்ச ஒரு ஆளோட சட்டையையும் போட்டோவையும் அந்த அம்மாகிட்ட காட்டினாங்க. சட்டையில ஒரு பட்டன் மட்டும் பச்சை நூல்ல இருந்திச்சி. போட்டோவுல இடது கை சுண்டு விரல்ல நகம் இல்லை. அந்த ஆளு அவ மகன்தானா? இவ்ளோதான் எழுதியிருந்தேன். சிரிப்பு நின்னு போச்சி. கடைசி வரியை இன்னொரு தடவை படின்னாரு. படிச்சேன். எப்பவும் சொல்ற போதாதுங்கறதை இப்பவும் சொல்லிட மாட்டாரான்னு அவரு வாயையே பார்த்துக்கினு இருந்தேன் ரீத்தா, அப்படிச் சொல்லியிருந்தா நோட்டை மூடி வச்சிட்டு இன்னும் கொஞ்ச நாளைக்கு இருந்திருப்பேனோ இன்னாவோ. மொதலாவதுன்னாரு. அ-ன்னு சொல்ல வரலை அவருக்கு, மொதலாவதுன்னுதான் சொன்னாரு. அப்புறம் என் தலைமேல கையை வச்சி, இத்தினி நாளா இதை நீ ஒண்டியா வச்சிக்கினு இருந்தியாடின்னு கேட்டாரு. அடிச்சிருந்தா தேவலை. ரெண்டு பேரும் வாய் வுட்டு அழுதோம், பொண்ணுங்க எல்லாம் கிச்சன் வாசல்ல வந்து நின்னுடுச்சிங்க.

இன்னைக்குக் காலையில எழுந்ததும் ரெண்டு வேலை சொன்னாரு. ஒண்ணு, பச்சமுத்து வூட்டுக்குத் தானே போயி நேர்ல சொல்லணும், வேற ஆளு வாயால அந்தப் பொண்ணு இதைக் கேக்கக் கூடாதுன்றாரு. ரெண்டு, உனக்கு ஒரு வரி வுடாம எழுதணும். எழுதிட்டேன். இப்ப எனக்கு நீ ஒண்ணு பண்ணணும். லீவு கேட்டு வா. நாம கேரளாவுக்குப் போயி, அவனை எங்க வச்சிருக்காங்கன்னு பார்த்து, அந்த நம்பரை எடுத்துட்டு அவன் பேரை வைக்கணும். எனக்கு மலையாளமும் தெரியாது இங்கிலீசும் தெரியாது, நீ பேசு, நான் கூட நிக்கறேன். அந்தப் பச்சை நூல்கண்டை எடுத்து வச்சிருக்கேன், காட்டச் சொன்னா காட்டலாம். அந்தச் சட்டையை நம்மகிட்ட குடுப்பாங்களா, அதையும் கேளு. பொய்யாக் கையெழுத்துப் போட்டதுக்கு என்னை இன்னா பண்ணுவாங்களோ தெரியலை, பண்ணட்டும். கல்லறைத் திருநாள் லிஸ்ட்டை மட்டும் நீ வர வரைக்கும் தள்ள முடியாது, சாயங்காலம் சாமியார்கிட்ட நானே எழுதிக் குடுத்துடறேன்.

மூணு நாள் ரயிலு, சாப்பிடாம கிடக்காதே, ஸ்வெட்டரைப் பெட்டிக்குள்ள வைக்காம கையில வச்சிக்கோ. கள்ளக்குறிச்சியில இறங்கினதும் பஸ்சு மலை ஏறுதான்னு கேட்டுக்கினு ஏறு, இல்லைன்னா கச்சிராயபாளையத்துல இறங்கி ஜீப்பு பாரு. எங்கிட்ட கோவம் இருந்தா இருக்கட்டும், வந்து நேர்ல திட்டு, வாங்கிக்கிறேன். மாதா உன்னைக் கை வுட மாட்டா, உன் கண்ணுல இருக்கிற தண்ணியை அவ துடைக்கட்டும், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஜீப்பு ஆரன் அடிக்குது, உங்கப்பா கையை நீட்டிக்கினு நிக்கறாரு. ஆகஸ்டுல போலீஸ் பேப்பர்ல என் பேரை மட்டும்தான் போட்டேன். இதுல முழுசாப் போடறேன்.

இப்படிக்கு,
உன்னையும் சவரிமுத்துவையும் பெத்த அம்மா,
உபகாரமேரி