புரட்டாசியில் துரை சாப்பிடவில்லை

சிதம்பரம்,
புரட்டாசி கடைசி வெள்ளி.

அன்புள்ள மகள் தீபிகாவுக்கு,

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை. இம்முறை அதை எழுதவில்லை. உன் நலம் என்ன என்பதை அறிந்துவிட்டேன். உன் வாயால் அன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவாய் என்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். உட்கார்ந்து, முழுவதும் படி.

முதலில் துரையின் செய்தி. நீ டப்ளினுக்குப் போகும்போது எங்களிடம் விட்டுச் சென்ற உன் பூனையைப் பற்றி எழுத இதுவரை பெரிதாக எதுவும் இருந்ததில்லை; தின்றான், தூங்கினான், அவ்வளவுதான். புரட்டாசி பிறந்ததும் வழக்கம்போல வீட்டில் மீன் நின்றது. நவராத்திரிக்கு முன் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று உன் அம்மா பீரோவை இடம் மாற்றினாள், துரை ஒதுங்கும் மணல் தட்டையும் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோனாள். துரை சாப்பாட்டைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். நாங்கள் இருவரும் அதற்குக் கண்ட காரணம் ஒன்றே: மீன் கிடைக்காத கோபம். உன் அம்மா தயிர்ச் சோற்றை அவன் முன் நகர்த்தி, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோடா துரை, இது பெருமாள் மாசம் என்று சமாதானம் சொன்னாள். நான் சிரித்தேன். எங்கள் வீட்டுப் பூனையும் விரதம் இருக்கிறது என்று கல்லூரியில் சொல்லி அங்கிருந்தவர்களையும் சிரிக்க வைத்தேன். கால்களை மடக்கி, கண்களைப் பாதி மூடி அவன் அசையாமல் இருந்ததைப் படமெடுத்து, ரிஷி மாதிரி உட்கார்ந்திருக்குது பாரு என்று அம்மா உனக்கு அனுப்பினாளே, அந்தப் படத்தை நினைவில் வைத்துக்கொள்.

சென்ற சனிக்கிழமை காலை கிள்ளையிலிருந்து உன் மாமா அன்பரசு காரில் வந்து இறங்கினார், கையில் ஒரு பை மடவை மீனோடு. புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமா உனக்குப் புத்தி எங்கடா போச்சு என்று உன் அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தினாள். விரதம் உனக்குத்தானக்கா, பூனைக்கு ஏது பெருமாள் என்று அவர் கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து, துரையைத் தூக்கிப்போய் ஒரு மீனை முன்னால் வைத்தார். துரை முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த உன் மாமாவின் குரல் மாறிவிட்டது. “மாமா, இது கோவம் இல்ல. மீன வேணாங்குற பூன ஏது? இதுக்கு ஒடம்புக்கு என்னமோ ஆயிருக்குது” என்றார்.

அவர் காரிலேயே கடலூருக்குக் கொண்டுபோனோம். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் கால்நடை மருத்துவர், இளம்பெண், வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே சிறுநீர் அடைத்திருக்கிறது என்றார். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் கஷ்டம் என்றார். குழாய் செலுத்தி, அங்கேயே வைத்துக்கொண்டார். வீட்டில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டார். பீரோ, மணல் தட்டு, மீன் என்று நான் வரிசையாகச் சொன்னேன். ஆண் பூனைகளுக்கு இந்த உபாதை வர டென்ஷனும் ஒரு முக்கியக் காரணம் என்றார். இவ்வளவு வலியில் இருந்தவன் ஒருமுறைகூடக் கத்தவில்லையே என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “வலியப் பூனை காட்டிக்காது சார். ஒளிஞ்சிக்கும். நாமதான் அது அமைதியா இருக்குதுன்னு நெனச்சிக்குவோம்.”

அன்று மாலை வீடு திரும்பியபோது குடும்பக் குழுவில் உன் காணொளி வந்திருந்தது. உன் நிறுவனத்தாருக்கு நீ ஆற்றிய உரை: மன அழுத்தத்தை வெல்ல என் பூனை கற்றுத்தந்தவை. பூனைக்குத் தூக்கம் வந்தால் தூங்கிவிடும் என்றாய். பிடிக்காததை மறுத்துவிடும், அதற்காக மன்னிப்புக் கேட்காது என்றாய். நேற்றையும் நாளையையும் தலையில் சுமக்காது என்றாய். பேச்சு நன்றாகவே இருந்தது, மறுக்கவில்லை. உனக்குப் பின்னால் திரை நிறைய ஒரு படம் இருந்தது. கட்டிலடியில் துரை. மன அமைதிக்கு எடுத்துக்காட்டாக, வலியில் சுருண்டு கிடந்த ஒரு பூனையை நூறு பேருக்குக் காட்டிக்கொண்டு நீ சிரித்தாய். உனக்குத் தெரியாது. எங்களுக்கும் அன்று காலை வரை தெரியாது. ஆகவே என் கோபம் அதற்கன்று.

எல்லோரும் கைதட்டும் பொம்மைகளைப் போட்டார்கள். உன் மாமா மகன் சிவசங்கர் மட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே இப்படிப் பேசியது பெரிய விஷயம் என்று எழுதி, உடனே அதை அழித்தான். உன் அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் படித்துவிட்டேன். தொலைபேசியில் அழைத்தபோது, தீபிகாதான் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு மாமா என்று திக்கினான், பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வாரக்கணக்கில் சரியாகத் தூங்காமல் வேலை செய்து, அலுவலகத்திலேயே மயங்கி விழுந்து, ஆம்புலன்ஸில் கொண்டுபோகப்பட்டாய். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று உன் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாய். விழுந்ததைக் கண்ணால் பார்த்த அதே மேலாளர், மறுவாரமே மன அழுத்தம் பற்றிப் பேசச் சொன்னார். நீ சரி என்றாய். மறுக்கத் தெரியாத நீ, பூனை எப்படி மறுக்கிறது என்று பாடம் நடத்தினாய். அந்த மனிதரின் வெட்கமின்மையைப் பற்றி எழுத இந்தக் கடிதம் போதாது. ஆனால் நீ விழுந்தது அவருக்குத் தெரியும், உன் அறைத்தோழிக்குத் தெரியும், சிவசங்கருக்குத் தெரியும். உன்னைப் பெற்றவர்களுக்குத் தெரியாது. எங்கள் கவலையைக் குறைப்பதற்காக மறைத்தேன் என்று சொல்லாதே. எங்களுக்கு எது தெரியலாம் எது தெரியக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமையை நீயாக எடுத்துக்கொண்டதற்கு அது இன்னொரு பெயர்.

துரையிடமிருந்து பலவற்றைக் கற்றதாகச் சொன்னாய். நான் பார்த்தவரையில் ஒன்றைத்தான் கற்றிருக்கிறாய்: வலிக்கும்போது கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வது. அவனுக்கு வாய் இல்லை. உனக்கு என்ன குறை?

அவன் செவ்வாய்க்கிழமை வீடு வந்துவிட்டான். பீரோவும் மணல் தட்டும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன. தினமும் சிறுநீர் போகிறானா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். காலையில் காபிக்கு முன் தட்டின் அருகே குனிந்து பார்க்கிறேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை, முறைக்கிறான். முறைக்கட்டும். உன்னிடமும் இனி எப்போது தூங்கினாய், என்ன சாப்பிட்டாய் என்று தினமும் கேட்பேன். நீயும் முறைத்துக்கொள். விடுப்புக்கு இன்றே எழுதிக் கொடு. கொடுக்க மறுத்தால் எனக்குச் சொல். விமானச் சீட்டு எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.

உன் அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இந்த வீட்டில் இவ்வளவு நாள் எதையும் அவளிடம் மறைத்துவைத்துக்கொண்டு அவள் கையால் நான் சாப்பிட்டதில்லை. உன்னால் இந்த ஒரு வாரம் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீயே அவளிடம் சொல். நீ சொல்லாவிட்டால் திங்கட்கிழமை நான் சொல்வேன், நீ மறைத்ததையும் சேர்த்து.

கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காக ஆசீர்வாதத்தை நிறுத்திவைக்கும் வழக்கம் எனக்கில்லை. நிறைந்த ஆயுளும் நிறைந்த தூக்கமும் பெற்று வாழ்வாய். தில்லை நடராசர் துணையிருப்பார்.

மறவாதே: ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது கேமராவை அணைக்காதே. சிரிக்கவும் செய்யாதே.

உன் தந்தை,
ந. நடனசபாபதி