ஆத்தாவின் முகத்தைக் கழுவியவனுக்கு

இன்று காலை உன் அம்மா வைத்த தோசையைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனேன். நகக்கண்ணிலிருந்து சந்தனம் மணத்தது. தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். சட்னி சரியில்லையோ என்று உன் அம்மா பார்த்தார். சட்னி நன்றாகத்தான் இருந்தது. நீதான் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாய், இருந்தபோது செய்த மாதிரியே.

போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு அது வராது மச்சான். உன்மேல் எனக்கு இருந்தது பொறாமை. ஆள் போன பிறகும் அது போகமாட்டேன் என்கிறது.

நம் ரப்பர் தோட்டத்தில் வரையத் தெரிந்தவன் நான்தான். வேலை வாங்கும் மண்டோரைக் கொக்காகவும் அவர் மாமியாரைப் பூசணிக்காயாகவும், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களச் சுவரில் கரியால் வரைந்து, உதை நிச்சயம் என்று தெரிந்தும் கீழே கையெழுத்துப் போட்டவன். ஆனால் சனங்கள் பேசியதெல்லாம் கோயில் பூசை செய்யும் பண்டாரத்தின் மகனான உன் கையைப் பற்றி. திருவிழாவுக்குத் திருவிழா மாரியம்மனின் கருங்கல்லில் சந்தனத்தை அப்பி, கன்னமும் மூக்கும் உதடுமாக ஒரு முகத்தை எடுப்பாய். மாலைப் பூசையில் திரை விலகியதும் லயத்து வீடுகளின் பெண்கள் விசும்புவார்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் நீயே குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கரைத்துவிடுவாய். வைத்த கையே எடுக்க வேண்டும் என்பது நம் கோயில் வழக்கம். கரைப்பதற்கென்றே செய்கிறவன் என்பதால் உனக்குக் ‘கரையான்’ என்று பெயர் வைத்தேன். அதற்கும் சிரித்தாய். உனக்குச் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும், வலது ஓரம் மட்டும் மேலே ஏறும். கோபப்படத் தெரியாதவனைக் கிண்டல் செய்வதைப் போல ஒரு நஷ்டம் கிடையாது.

போன சித்திரையில் பால்வெட்டுக் கத்தி உன் உள்ளங்கையைக் கிழித்தது. கட்டுப்போட்ட கையோடு என்னிடம் வந்தாய்.

“நீ வைடா.”

“நானா? ஆத்தாவுக்கு மீசை வரைஞ்சிருவேன், பாத்துக்க.”

“வரை. காலைல நீதானே கழுவப் போற.”

நெத்திலியைக்கூடத் தொடாமல் விரதம் இருந்து வைத்தேன். மீசை வரையவில்லை. திரை விலகியதும் பெண்கள் எனக்காக விசும்பினார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “இவ்வளவு வடிவா ஆர் வைச்சது? என்ர கமெரா ஈப்போவில தம்பி வீட்டில கிடக்கு. நாளைக்கு மத்தியானம் கொண்டாறன். படம் எடுத்த பிறகு கழுவுங்கோ.”

அதற்குப் பிறகு என்னால் எப்படி ஊற்ற முடியும்? காலையில் குடத்தை எட்டி வைத்துவிட்டுச் சன்னிதி வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

“டேய், வெயில் ஏறுது லா. ஊத்து.”

“கிராணி வரட்டும்.”

“அது சந்தனம்டா, சிமெண்டு இல்ல.”

“உனக்குப் பொறாமை.”

“இருந்தாலும் இருக்கும்,” என்றாய். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, “ஆத்தாவுக்கு ஏதுடா முகம்? நாம பாக்கத் தோதா ஒரு நாளைக்கு வாங்கிக்கிறோம். திருப்பிக் குடுக்க வேணாமா?” என்றாய்.

அதைச் சொல்லும்போது சாமியார் மாதிரி கண்ணை மூடியிருந்தால் உன்னைக் கேலி செய்து தப்பித்திருப்பேன். நீயோ முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னாய்.

தகரக் கூரை கொதித்தது. இடது கண்ணிலிருந்து தாடை வரை ஒரு கோடு ஓடியது. கன்னம் பிளந்தது. கடைசியில் நான் உருகி உருகி வைத்த மூக்கு கழன்று பாதத்தில் விழுந்தது. மாலை கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி, “ஆத்தா கோவிச்சுக்கிட்டா,” என்று அலறினாள். நீ குடத்தை இடது கையால் தூக்கினாய். “ஒண்ணுமில்லக்கா. ஆத்தா மூஞ்சி கழுவ நேரமாயிருச்சு, அவ்வளவுதான்.” அலறியவள் சிரித்துவிட்டாள். சிரிக்க வைப்பது என் தொழில். அதிலும் என்னை முந்திவிட்டாய். கிராணி கமெராவோடு வந்தபோது ஈரக் கருங்கல்தான் இருந்தது.

இந்தச் சித்திரைக்கு, சாவு விழுந்து வருசம் திரும்பாத வீடு என்பதால் உன் அப்பா கோயிலுக்குள் வரக் கூடாது. மறுபடி நான். கண், மூக்கு எல்லாம் சொன்னபடி கேட்டன. உதடு மட்டும் கேட்கவில்லை. வலது ஓரம் மேலே ஏறிக்கொண்டது. அழுத்திவிட்டேன். மறுபடி ஏறியது. அப்படியே விட்டுவிட்டேன். திரை விலகியதும் எல்லாரும் கும்பிட்டார்கள். கோயில் வாசலுக்கு வெளியே நின்ற உன் அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்று காலை கிராணி எனக்கு முன்பே வந்து கமெராவோடு நின்றார். “பொறும் தம்பி. போன வருசம் தவறிப் போச்சு.”

குடம் என் கையில் இருந்தது. உனக்கென்று இருக்கும் ஒரே படம் அடையாளக் கார்டில்தான். அதிலும் வாயை இறுக்கி மூடியிருக்கிறாய். கிராணி கமெராவை ஒரு தட்டு தட்டினால் போதும், உன் சிரிப்பு தங்கிவிடும். வாசலைப் பார்த்தேன். அங்கிருந்தே உன் அம்மா சொன்னார்: “ஊத்துய்யா. அவன் இருந்தா இந்நேரம் ஊத்திட்டுப் பசியாற வந்திருப்பான்.”

ஊற்றினேன். பெரிய ஞானம் வந்து ஊற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கிராணி வீட்டுச் சுவரில் அந்தச் சிரிப்பு சட்டத்துக்குள் தொங்கும்; வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்ப்பான். எனக்கு அது பொறுக்கவில்லை. நீ திருப்பிக் கொடுப்பதற்காக ஊற்றினாய். நான் வேறு யாருக்கும் கொடுக்காமல் இருக்க ஊற்றினேன். தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒரே மாதிரிதான் கரைத்தது.

தோசை ஆறிவிட்டது. கையைக் கழுவிவிட்டு ஒழுங்காகச் சாப்பிடு என்கிறார் உன் அம்மா. வலது கையை மடியில் மறைத்துக்கொண்டு இடது கையால் இதைக் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணினால் சிரி, உன் பாணியில்.

கழுவத்தான் போகிறேன், கரையான். கொஞ்சம் பொறு.