வெங்காயம் நட்டுப் பதினெட்டாம் நாள்

1994 பெப்ரவரி 7, திங்கள்

காலை முழுவதும் பனியும் மழையும் கலந்து. சப்பாத்துக்குள் தண்ணீர். இந்தக் கொப்பியில் இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுக்காகக் கூட்டுவதில்லை, வெட்கத்துக்காகக் குறைப்பதில்லை. தமிழில் எழுதினால் வகுப்பில் யார் எட்டிப் பார்த்தாலும் பயனில்லை.

வரலாற்றுப் பாடத்துக்கு லிண்ட்னர் ரீச்சர் ஒரு பெட்டி கொண்டுவந்தார். அவர் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆண்டு இருந்தவர். அங்கே கோதுமையும் ஆடும் உள்ள ஒரு நாட்டுப்புறத்தில் பிரதி எடுத்தவை. பெட்டியில்:

மார்த்தா என்ற பண்ணைக்காரி இளவயதில் எழுதிய நாட்புத்தகம் (இனி நா.பு.)
அதே மார்த்தா எண்பது வயதில் பேசிய ஒலிநாடா (இனி ஒ.நா.)
ஆடுகளுக்குக் கம்பளி கத்தரிக்க வந்த ஆட்களின் வேலைத்தாள்கள்
காய்ந்த கோதுமைக் கதிர் ஒன்று, முறிந்தது

வேலை: நா.பு.வை இடப்பக்கம் வை, ஒ.நா.வை வலப்பக்கம் வை, முரண்படும் இடத்தில் சிவப்புக் கோடு. எனக்கு நான்கு கிடைத்தன. வகுப்பில் அதுதான் அதிகம். ஒன்று, மழை. நா.பு.வில் 9ஆம் திகதி நல்ல மழை. ஒ.நா.வில் "பாதி ஆடுகளைக் கத்தரித்து முடித்த அன்று மழை, மீதி நனைந்துகொண்டு நின்றன." கத்தரிக்கத் தொடங்கியதே 10ஆம் திகதி! மார்த்தாவுக்கு நினைவு பிசகிவிட்டது. ரீச்சர் சொன்னார்: "உன்னிடம் யாரும் பொய் சொல்லித் தப்ப முடியாது." வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கடிதம். நீதிமன்றத்தில் டெர்மின் (விசாரணைத் தவணை), 24ஆம் திகதி பிற்பகல் இரண்டரை. எங்கள் அகதி விண்ணப்பத்தை ஜெர்மன் அகதி அலுவலகம் நிராகரித்ததற்கு எதிராகப் போட்ட வழக்கு. தோற்றால் ஊருக்கே திருப்பி அனுப்புவார்கள். அம்மா கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகினார். இரவுச் சாப்பாடு பாண், நேற்றைய பருப்பு.

பெப். 9, புதன்

குளிர். ரீச்சரின் அடுத்த வேலை: விவசாயம் செய்த ஒருவரைப் பேசவைத்து ஒ.நா. எடுக்க வேண்டும், கூடவே ஜெர்மன் மொழிபெயர்ப்பு. மற்றவர்கள் பேருந்தில் போய் விவசாயி தேட வேண்டும். எனக்குத் தேடத் தேவையில்லை. அப்பாவுக்கு இன்று உணவகத்தில் லீவு. கோப்பை கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது.

முதலில் "என்னத்தைப் பிள்ளை சொல்ல" என்றார். பிறகு வெங்காயச் செய்கையைப் பற்றித் தொடங்கி நிறுத்த முடியவில்லை. அம்மா குசினிக்குள் இருந்து, "இஞ்சாருங்கோ, உரிக்காமலே பிள்ளையை அழவைக்கப் போறியள்" என்றார். அப்பா சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாள்.

எழுதிக்கொண்டவை: பொங்கல் முடிந்து இரண்டாம் நாள் நடுவது. பாத்தி ஒவ்வொன்றும் ஒரு பாய் அகலம். நாலைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர். இறைக்க மண்ணெண்ணெய் மெஷின்.

பிறகு, நான் கேட்காமலே:

"அண்டைக்கு நாலாம் தண்ணி. நட்டுப் பதினெட்டாம் நாள். அஞ்சாம் பாத்திக்கு வாய்க்காலைத் திருப்பிப்போட்டு நிமிர்ந்தன். வேலிக்குள்ளால ஆமிக்காரர் வந்திட்டாங்கள். மெஷினை நிப்பாட்டிப்போட்டு வாறன் எண்டன். விடேல்லை."

"பிறகு ஆர் நிப்பாட்டினது?"

"ஆருக்குத் தெரியும்? எண்ணெய் முடியுமட்டும் ஓடியிருக்கும்."

அப்பாவைப் பிடித்துப்போய் இரண்டு வாரத்துக்கு மேல் இராணுவ முகாமில் வைத்திருந்தது தெரியும். மெஷின் ஓடியது தெரியாது. நாடா தானாக முடிந்து 'டிக்' என்றது. இருவரும் திடுக்கிட்டோம்.

பெப். 11, வெள்ளி

ஒ.நா.வையும் மொழிபெயர்ப்பையும் கொடுத்தேன். ரீச்சர் உடனேயே கேட்டார். அடுத்த வெள்ளி பெற்றோர் கூடும் மாலையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவாராம், பிறகு நகரின் ஆவணக்காப்பகத்துக்கே கொடுப்பாராம். மார்த்தாவைப் போல அப்பாவும் ஒரு பெட்டிக்குள்! திங்களும் செவ்வாயும் கார்னிவல் என்ற வேடத் திருவிழாவுக்காகப் பள்ளி இல்லை. கணிதத்தில் 2 (இங்கே 1தான் மிக உயர்ந்தது).

பெப். 13, ஞாயிறு

எழுத்து கோணல்.

எங்கள் வழக்கறிஞர் (அன்வால்ட்) தொலைபேசியில் சொன்னது: நீதிமன்றம் போகுமுன் அகதி அலுவலகத்தில் எடுத்த அப்பாவின் முதல் விசாரணைப் பதிவை வீட்டில் இன்னொருமுறை வாசியுங்கள். வாசிக்கக்கூடியவள் நான். ஏழு பக்கம். இதுவரை ஒருவரும் அதை அப்பாவுக்குத் தமிழில் வாசித்ததில்லை.

நாலாம் பக்கம்: "மார்ச் மாதம் வயலில் வைத்துக் கைது செய்தனர்."

பக்கத்தில் எங்கள் ஊர் அதிகாரியான விதானையாரின் கடிதம் இருந்தது. போன மாதம் ஊரிலிருந்து வந்தது, நானே மொழிபெயர்த்தேன், அன்வால்ட் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பியும்விட்டார். அதில், அதே ஆண்டு: "பெப்ரவரி 20ஆம் திகதி முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டார்."

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பிடிபடுவதற்கு முன்பே விடுதலை. சிவப்புக் கோடு போட எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. நீதிபதிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

"அப்பா, எந்த மாதம் உங்களைப் பிடிச்சவங்கள்?"

"வெங்காயம் நட்டு—"

"மாதம், அப்பா."

"இப்ப நீயும் அவையள் மாதிரிக் கேக்கிறாய்."

பிறகு மெதுவாகச் சொன்னார். "பதினெட்டாம் நாள் எண்டுதான் அங்கையும் சொன்னனான். மொழிபெயர்த்த தம்பி பட்டணத்துப் பிள்ளை. மாதத்தைச் சொல்லுங்கோ அண்ணை, மாதத்தைச் சொல்லுங்கோ எண்டு நிண்டான். காலமை துவக்கம் ஒண்டும் குடிக்கேல்லை, தலை சுத்தினது. நீயே பாத்துப் போடு தம்பி எண்டிட்டன்."

"வாசிச்சுக் காட்டினவையோ?"

"ஓம். டொச் மொழியில. கையெழுத்து வைச்சன்."

பொங்கல், இரண்டு நாள், பதினெட்டு நாள். விரல்விட்டு எண்ணினேன். பெப்ரவரி 3. அப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் அப்பா வேறுவிதமாகச் சொல்லும் ஒ.நா. இப்போது பள்ளி அலுமாரியில். என் ஜெர்மன் மொழிபெயர்ப்போடு. வெள்ளிக்கிழமை ஊருக்கே போட்டுக் காட்டப் போகிறார்கள். பெற்றோரில் ஒருவர் அகதி அலுவலகத்தில் வேலை செய்பவராக இருந்தால்?

பெப். 14, திங்கள்

காலையிலிருந்து தெருவில் மேளம். பள்ளி பூட்டு. பத்து மணிக்குக் கதவு மணி. அம்மா திறந்தார். சிவப்பு வெள்ளைச் சீருடை, தொப்பி, தோளில் துவக்கு. நாலு பேர். அம்மாவின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. கார்னிவல்காரர்! மரத் துவக்கு. சிரித்துக்கொண்டு ஒரு கை இனிப்பை அம்மாவின் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். அம்மா அப்படியே சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டார். தம்பி அத்தனை இனிப்பையும் தின்று சத்தி எடுத்தான்.

பெப். 15, செவ்வாய்

வெளியே போகவில்லை. பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மார்த்தாவின் பிரதிகளை மறுபடி எடுத்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மழை விடயம். கம்பளி ஆட்களின் வேலைத்தாளில் 12ஆம் திகதிக்கு நேரே பென்சிலில் சின்னதாக: "பாதி முடிந்தது. மழை. நிறுத்தினோம்." முதல் தடவை இதைப் பார்க்கவே இல்லை. பிறகு நா.பு.வை ஜன்னலோடு பிடித்துப் பார்த்தேன். திங்கள் முதல் சனி வரை ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மை சிந்தல். ஒவ்வொரு நாளும் எழுதவில்லை! ஞாயிறு கோவிலால் வந்து கிழமை முழுவதையும் ஒரே இருப்பில் எழுதியிருக்கிறாள், மழையைப் பிழையான நாளில் போட்டிருக்கிறாள். வேலையை வைத்துச் சொன்ன நினைவு சரி. திகதி போட்ட எழுத்துப் பிழை. என் சிவப்புக் கோடு பிழை.

அப்பாவிடம் காட்டினேன். ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் தாளை நெடுநேரம் பார்த்தார். "நனைஞ்ச ஆட்டில கம்பளி வெட்டேலாது. அதை மறப்பாளே அந்த மனிசி?" என்றார்.

பெப். 16, புதன்

விபூதிப் புதன். அம்மாவின் நெற்றியில் சாம்பல். பள்ளியில் எல்லோருக்கும் கார்னிவலில் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

ரீச்சரிடம் ஒ.நா.வைத் திருப்பிக் கேட்டேன். சத்தம் தெளிவில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். (பொய். இங்கே எழுதிவைக்கிறேன்.) "இரண்டு தடவை கேட்டேன், மிகத் தெளிவு" என்றார். அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இன்னும் பயம். ரீச்சர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். அலுமாரியைத் திறந்து நாடாவை எடுத்து உறையில் எழுதினார்: "11.2.இல் பெற்றுக்கொண்டேன்." பெயர், பள்ளி முத்திரை. "உனக்கு இது தெரியவந்தது 13ஆம் திகதி. அதற்கு முன்பே நாடா என்னிடம் இருந்தது. இதை உங்கள் வழக்கறிஞரிடம் சொல்" என்றார். பெற்றோர் மாலையில் போடமாட்டார்.

பெப். 17, வியாழன்

அன்வால்டிடம் அப்பாவும் நானும். மொழிபெயர்ப்பாளர் நான். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தேன். அவர் முகம் வெளிறியது. அவரும் கவனிக்கவில்லை! பெரியவர்களும் கவனிப்பதில்லை என்பது எனக்கு இன்னொரு பயம்.

சொன்னார்: கடைசி நேரத்தில் மாதத்தை மாற்றினால் கதையை மாற்றுகிறார் என்பார்கள். மாற்றாவிட்டால் கடிதம் பொய் என்பார்கள். நாடாவை இரண்டு தடவை கேட்டார். கேட்டது அப்பாவின் குரலைத்தான், தமிழ் விளங்காது. பிறகு: "மாதம் எதையும் சொல்ல வேண்டாம். வயலைச் சொல்லட்டும்."

ட்ராமில் அப்பா: "வயலைச் சொல்லத்தானே நான் அண்டைக்கும் போனனான்."

பெப். 21, திங்கள்

நித்திரை இல்லை. அம்மா பெரிய பையைக் கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்துத் தூசி தட்டி, பிறகு கீழேயே வைத்தார். தம்பி கேட்டான்: "சுற்றுலாவோ?" பௌதிகச் சோதனை, பாதிதான் எழுதினேன்.

பெப். 24, வியாழன்

நீதிமன்ற நடைக்கூடத்து வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். மறக்குமுன்.

நீதிபதி ஒரு பெண். மேசையில் கையளவு ஒலிப்பதிவுக் கருவி. முக்கியமானதை அவரே அதற்குள் சொல்லிப் பதிகிறார். விசாரணைப் பதிவை இடப்பக்கம் வைத்தார். விதானையார் கடிதத்தை வலப்பக்கம் வைத்தார்.

"மார்ச்சில் கைது. பெப்ரவரியில் விடுதலை. இதை எப்படி விளங்கிக்கொள்வது?"

அப்பா வெடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெங்காயம் நட்டுப் பதினெட்டாம் நாள்."

மொழிபெயர்ப்பாளர் (இவர் வேறொருவர், வயதானவர்) திரும்பி, "ஐயா, மாதத்தைச் சொல்லுங்கோ" என்றார். திரும்பவும் அதே கேள்வி! நான் எழும்பிவிட்டேன். அன்வால்ட் என் கையைப் பிடித்து இருத்தினார். நீதிபதி என்னவென்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே மொழிபெயருங்கள் என்றார்.

பதினெட்டு என்று எப்படித் தெரியும்? நாலாம் தண்ணி. எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்? நாலைஞ்சு நாள். நீதிபதி பென்சிலால் மேசையில் தட்டி எண்ணினார். நட்டது எப்போது? பொங்கல் முடிஞ்சு ரெண்டாம் நாள். பொங்கல் எப்போது என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். சனவரி நடுப்பகுதி. மறுபடி எண்ணினார். அன்வால்ட் நாடாவையும் முத்திரை போட்ட உறையையும் கொடுத்தார். நீதிபதி உறையின் திகதியை வாசித்தார், என்னையும் ஒருமுறை பார்த்தார். நல்ல பார்வையா கெட்டதா, தெரியவில்லை.

பிறகு பொத்தானை அழுத்திச் சொன்னார்: "வெங்காயம் நட்டுப் பதினெட்டாம் நாள், நான்காவது நீர்ப்பாய்ச்சலின்போது கைது செய்யப்பட்டதாகக் கூறுகிறார். நீர் இறைக்கும் இயந்திரத்தை நிறுத்த அனுமதிக்கவில்லை." மாதம் போடவில்லை. திருப்பிப் போட்டுக் காட்டினார், மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஓம். அப்பிடித்தான்."

தீர்ப்பு தபாலில் வரும். சில கிழமை. அன்வால்ட்: "நம்பிக்கை வைக்கவும் சொல்லமாட்டேன், பயப்படவும் சொல்லமாட்டேன்." எனக்கு இரண்டாவது சொல்லாமலே வருகிறது. ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியை நான்தான் திறக்க வேண்டும். அம்மா திறக்கக்கூடாது.

அப்பா அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் இருக்கிறார்.

"என்ன பிள்ளை எழுதுறாய்?"

"நடந்ததை."

"மெஷினை எழுதினியோ?"

"ஓம்."

"நல்லது."

நாலரை. சாவிக்கொத்தோடு ஒருவர் நடைக்கூடத்தின் மறுகோடியிலிருந்து வருகிறார். அப்பா என் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார். இன்னும் ஒரு வரி எழுத இருந்தது, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.