பஸ்ஸில் திரை இல்லை

ஜூலை 24, வெள்ளி

ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட துணி பாதி பக்கத்து வீட்டில். முட்டி வலி. காஸ் புக் பண்ண மறந்தாயிற்று.

புதன்கிழமை பாப்பாவுக்குக் கோர்ட்டில் சாட்சி. பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. சட்டம் என் நோட்டுக்கும் சேர்த்துத்தான். எட்டாம் வகுப்பு. கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே தள்ளி ஓர் ஊர். போக்சோ வழக்கு. குழந்தைகள் நலக் குழு அவளுக்கு ஆதரவாளராக என்னைப் போட்டிருக்கிறது. கூடப் போவது, கூட இருப்பது, இவ்வளவுதான் வேலை. அவன் அவளுக்குச் சித்தப்பா முறை. ஜாமீனில் வெளியே.

கோர்ட்டைப் போய்ப் பார்த்து வந்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. தனி வாசல். சாட்சி நிற்கும் இடத்தில் பச்சைத் திரை. காத்திருக்கும் அறைச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி, கீழே ஒரு பெட்டி பொம்மை. பதின்மூன்று வயசுப் பெண் பொம்மையை என்ன செய்வாள்? இருக்கட்டும். இதுவும் இல்லாத காலம் ஒன்று இருந்தது.

சாயங்காலம் அவள் வீடு. திரையைப் பற்றிச் சொன்னேன். அவன் உன்னைப் பார்க்க முடியாது, நீயும் அவனைப் பார்க்க வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்டாள்.

"சரி மிஸ். பஸ்ல?"

எனக்குப் புரியவில்லை.

"அவனும் அதே பஸ்லதான மிஸ் வருவான். கோர்ட் டைமுக்கு எங்க ஊர்ல ஒரே பஸ்தான்."

மெல்ல மெல்லத்தான் மீதி வந்தது. போன வாய்தாவுக்குப் போகும்போது பஸ்ஸில் கூட்டம். அவன் எழுந்து, "உக்காருங்க அண்ணி" என்று அவள் அம்மாவுக்கு இடம் கொடுத்திருக்கிறான். பாதி ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்மாவும் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாரும் பாக்கசொல்ல கூப்ட்டா இன்னா பண்றது மேடம்" என்றாள் அம்மா. தலை நிமிரவில்லை.

"அன்னிலேருந்து ரெண்டு வீடும் ராசியாயிட்டாங்கனு பேசறாங்க மிஸ்" என்றாள் பாப்பா. "அதே பஸ்னா நான் வரல."

அவள் வராவிட்டால் வழக்கு அவ்வளவுதான்.

ஜூலை 27, திங்கள்

காலை முழுக்க போன்.

ஸ்டேஷன்: "நாங்க மப்டியிலதான் மேடம் வருவோம்." சரி, ஜீப்புக்கு யார் மப்டி போடுவது? வாசலில் நின்றாலே ஊர் கூடிவிடும்.

வாடகை வண்டிக்குப் பணம்: முதலில் நீங்கள் போடுங்கள், பில் வையுங்கள், பார்க்கலாம்.

லாட்ஜ்: புதன் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம். கேட்டவுடனே சிரித்தார்கள்.

எங்கள் வீட்டிலேயே தங்க வைத்துக்கொள்ளட்டுமா என்று அரசுத் தரப்புப் பெண் வக்கீலிடம் கேட்டேன். பதறிவிட்டார். "ஐயோ வேணாங்க. உக்கார வச்சி சொல்லிக்குடுத்தீங்கனு குறுக்கு விசாரணையில கிழிச்சிடுவாங்க." அதுவும் சரிதான்.

மதியம் ஒரு ஓட்டலில் பயிற்சிக் கூட்டம். தண்டனையைக் கூட்டினால் குற்றம் குறையுமா என்று விவாதம். தூக்கில் போட வேண்டும் என்றார் ஒருவர். கைதட்டல். நான் எழுந்து பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். "அது போக்குவரத்துத் துறைங்க." சிரிப்பு. நானும் சிரித்துத் தொலைத்தேன். பிரியாணி நன்றாக இருந்தது.

களைப்பு. ஒரு மாதம் படுத்துத் தூங்கினால் தேவலாம்.

ஜூலை 28, செவ்வாய்

பெங்களூரிலிருந்து போனில் பாப்பாவின் அப்பா. கட்டட வேலைக்குப் போனவர். "பங்காளி வீடு மேடம். சமாதானமா போயிட்டா நல்லதுனு எல்லாரும் சொல்றாங்க." உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டீர்களா என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

கடைசியில் கைகொடுத்தது என் தம்பிதான். அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து உழவர் சந்தைக்குக் குட்டி யானை வண்டியில் கத்திரிக்காய், கொத்துமல்லி ஏற்றி வருகிறவன். "முன்னாடி சீட்ல ஒக்கார வச்சி இட்டாரேன்க்கா. விடியறதுக்குள்ள டவுன்ல இருப்பாங்க."

அப்பாடா. காஸ் வந்துவிட்டது.

ஜூலை 29, புதன்

வெயில், தூசி, கூட்டம். இருட்டோடு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் மேலும் கொத்துமல்லி வாசனை. இட்லி வாங்கிக் கொடுத்தேன். பாப்பா ஒன்றோடு நிறுத்திவிட்டாள்.

அம்மாவும் ஒரு சாட்சி என்பதால் வெளியே உட்கார வேண்டியிருந்தது. திரைக்குப் பின்னால் பாப்பா, பக்கத்தில் நான். முதலில் குரலே எழும்பவில்லை. நீதிபதி தண்ணீர் தரச் சொன்னார். பிறகு சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்வியை நீதிபதி வாங்கிக் கேட்டார்: பஸ்ஸில் அவர் கொடுத்த சீட்டில் உன் அம்மா உட்கார்ந்தாரா?

"அது அம்மா. நான் நின்னுக்குனேதான் வந்தேன்."

வெளியே வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பாப்பா இனி வர வேண்டியதில்லை, அடுத்த வாய்தாவில் உங்கள் சாட்சிதான் என்றேன். தலையாட்டினாள்.

ரோஸ் மில்க் வாங்கினேன். பாப்பா இரண்டு குடித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருவதற்கு அத்தனை பேரிடம் கெஞ்சினேனே, திரும்பிப் போவதை யோசிக்கவே இல்லை. மக்கு. தம்பி போன் ஸ்விட்ச் ஆஃப். பௌர்ணமி என்று ஆட்டோ எதுவும் அவ்வளவு தூரம் வரத் தயாரில்லை.

திண்டிவனம் ரோட்டில் தற்காலிக பஸ் ஸ்டாண்டு. ஏறினோம். அவன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க அண்ணி, உக்காருங்க."

அம்மா நேராகக் கண்டக்டரிடம் போனாள். "இந்தாளு எறங்கட்டும். இல்லனா நாங்க எறங்கறோம்."

"இன்னாமா பிரச்சன?"

"கேசு. எம் பொண்ணு விசயமா இவன் மேல கேசு."

பஸ் அப்படியே அடங்கிவிட்டது. அடையாளம் வெளியே வரக் கூடாதே என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது. இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"கேசுனா கோர்ட்ல பாத்துக்கமா. வண்டிய எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.

இறங்கினோம். அவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான். பஸ் போயிற்று. கிரிவலத்துக்கு வந்தவர்கள் பக்கத்தில் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"நாம ஏம்மா எறங்கணும்?" என்றாள் பாப்பா.

அம்மா அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள்.

"அடுத்த வாய்தா எனக்கு. அன்னிக்கி நான் எறங்க மாட்டேன்."