ஒரு விராலுக்கு வாங்கிய திட்டு

எங்கே போயிருந்தாலும் அங்கேயும் ஒரு குளத்தைக் கண்டுபிடித்திருக்கும் என் பிரியமான மாமாவுக்கு,

பங்குனி வெயில் ஏறிவிட்டது. நீடாமங்கலத்துப் பக்கம் வயலெல்லாம் உளுந்து பிடுங்குகிறார்கள். அல்லிக்குளத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. விரால்கள் மேலே வந்து மூச்சு விடுவது கரையில் நின்றாலே கேட்கிறது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் வீடு தங்கியிருப்பீர்களா?

உங்கள் மகன் நலம். நானும் நலம். அத்தையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஐப்பசியில் நீங்கள் போனதிலிருந்து அவர் யாரையும் திட்டவே இல்லை, மாமா. பால் பொங்கி வழிந்தாலும் பேசாமல் துடைக்கிறார். இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பார் என்கிறாள் என் அம்மா. எனக்கோ பயமாக இருந்தது.

உங்கள் தூண்டிலில் மாட்ட நான் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த ரப்பர் தவளையை நிஜத் தவளை என்று நினைத்து அத்தை விளக்குமாற்றால் அடித்தாரே, நினைவிருக்கிறதா? "மீனயே இப்படி ஏமாத்துற மனுஷன், என்னைய எவ்வளவு ஏமாத்துனீங்களோ!" என்று தெருவே கேட்கக் கத்தினார். அந்தக் குரல் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் உங்கள் தூண்டிலை எடுத்தேன். மீனுக்காக இல்லை. உங்களைப் போலவே சேற்றுக் காலோடு வந்து, கழுவிய தரையில் நடந்தால் அவருக்குக் கோபம் வராதா என்ற ஆசைதான். வரவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, தரையை மறுபடியும் துடைத்தார். அன்றைக்கு நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

போன ஞாயிறு மறுபடியும் போனேன். அல்லிக்கொடி ஓரமாகச் சின்ன மீன்குஞ்சுகள் சிவப்பாகத் திரண்டு மிதந்தன. அந்த இடத்தில் வீசினால் பெரிய மீன் நிச்சயம் என்று யூடியூபில் ஒருவர் சொல்லியிருந்தார். வீசினேன். தண்ணீர் வெடித்தது, மாமா! என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். வாளியில் போட்டு, ஸ்கூட்டியில் வைத்து, பெருமையாகக் கொண்டு வந்தேன்.

அத்தை வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்க கெடச்சுது?"

"அல்லி ஓரமா அத்தை. குஞ்செல்லாம் செவப்பா சுத்திக்கிட்டு இருந்துச்சு."

அவ்வளவுதான்.

"அறிவிருக்காடி ஒனக்கு? பார்ப்பு மேய்க்கிற மீனயா புடிச்சுட்டு வருவ? அந்தக் குஞ்சுங்கள இப்ப யாரு பாத்துக்குவா? ஒன் மாமனாரு கிறுக்குதான், ஆனா பார்ப்பு கிட்ட ஒரு நாளும் தூண்டில் போட்டதில்ல. எடுறி வாளிய!"

நான் எடுப்பதற்குள் அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். இத்தனை மாதமாக வாசல் தாண்டாதவர், வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே போனார். உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து வேடிக்கை பார்த்தார்கள். குளத்தில் இறங்கி, புடவை நனைய, வாளியை மெல்லச் சாய்த்தார். விரால் ஒரு நொடி நின்றுவிட்டு அல்லிக்குள் போய்விட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. "இப்ப எதுக்கு அழுவுற? செய்யறதயும் செஞ்சுட்டு!" என்று அதற்கும் ஒரு திட்டு.

சாயங்காலம் கூடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். அத்தை உங்கள் போட்டோவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எப்பப் பாரு, சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிடுறது. இந்தத் தடவயாச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

நான் சத்தமில்லாமல் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். அது உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ளது.

கவலைப்படாதீர்கள், மாமா. பார்ப்பு பக்கம் இனி போக மாட்டேன். ஆனால் அத்தையின் வாய் ஓயாமல் பார்த்துக்கொள்வேன். அது என் பொறுப்பு.

உங்கள் பங்குத் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கும்,
உங்கள் மருமகள்