தலையெண்ணும் நாளில் மட்டும் மாணவி

அனுப்புநர்:
வே. வடிவம்மாள், க/பெ. வேலப்பன்,
தேங்காய் வியாபாரம், பழவங்காடி கணபதி கோயில் முன்பு,
வீடு: லைன் வீடுகள், கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
உதவிக் கல்வி அதிகாரி அவர்கள்,
உதவிக் கல்வி அதிகாரி அலுவலகம், திருவனந்தபுரம்.

பொருள்: தொடக்கப் பள்ளித் தமிழ் டிவிஷனில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வே. பூமாரிக்கு டி.சி. கொடுத்து அனுப்புவதைத் தடுக்கக் கோருதல்; நான் எழுதிக் கொடுத்த மூன்று பொய் லீவு லெட்டர்களைத் திரும்பப் பெறுதல் சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். முதலில் கோர்ட்டு வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் போனேன். பாதி கேட்டதுமே, லீவு லெட்டர் சங்கதியை விட்டுவிடலாம், அது உங்களுக்கே பாதகம் என்றார். அதை விட்டால் மனுவில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆகையால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். பள்ளியின் பெயரைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். பல கை மாறும் தாளில் அந்தப் பெயர் அடிபட வேண்டாம்.

1. பூமாரிக்கு வயது ஒன்பது. பிறந்தபோது வெகுநேரம் அழவில்லை. நாலு வயதில்தான் பேச்சு வந்தது. எதையும் மெல்லத்தான் பிடித்துக்கொள்வாள். புத்தி வளர்ச்சி மெதுவாக இருக்கும், ஆனால் நின்றுவிடாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அவர் எழுதிய சீட்டை இணைத்திருக்கிறேன். அவள் யாரையும் அடிப்பவள் அல்ல, வகுப்பில் சத்தம் போடுபவளும் அல்ல. சொன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பாள். மூன்று வருடம் கடைசி வரிசையில், சுவர் ஓரத்தில், சொன்ன இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

2. அவளை 1975 ஜூனில் சேர்த்தேன். தமிழ் டிவிஷனில் பிள்ளைகள் குறைவு என்பது தாங்கள் அறிந்ததே. எங்கள் ஆட்களே மலையாளம் படித்தால்தான் நாளைக்கு வேலை என்று அந்தப் பக்கம் சேர்க்கிறார்கள்; அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வருடா வருடம் பள்ளி திறந்த பிறகு அதிகாரி வந்து தலையெண்ணும் நாளில் கணக்குக் குறைந்தால் டிவிஷன் போய்விடும், ஒரு டீச்சர் வேலையும் போய்விடும். அதனால் அன்று காலையில் டீச்சர்மாரே வீடு வீடாக வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போவது வழக்கம். எங்கள் லைனில் முதலில் தட்டப்படுவது என் வீட்டுக் கதவுதான். பூமாரியை அன்றைக்கு முன் வரிசையில் உட்கார வைப்பார்கள். தலை வாரி, பொட்டு வைத்து அனுப்புவேன். பெருமையாகத்தான் இருந்தது.

3. நவம்பரில் இன்ஸ்பெக்ஷன் வரும். அதிகாரி பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்லுவார். முதல் வருடம் அதற்கு முந்தின நாள் வகுப்பு டீச்சர் ஜெயபாய் கடைக்கு வந்தார். “மோளுக்கு நாளைக்குச் சுகமில்லை என்று ஒரு லீவு லெட்டர் தந்தால் மதி, அது போதும் அக்கா” என்றார். பலர் முன்னால் பிள்ளை திக்கித் திணற வேண்டாமே என்று அவர் இரக்கப்படுவதாக எண்ணி, கையோடு எழுதிக் கொடுத்தேன். அடுத்த இரண்டு வருடமும் கேட்காமலே நானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றிலும் ‘காய்ச்சல்’ என்றுதான் எழுதினேன். வேறு நோய் எழுதக் கை வரவில்லை. அந்த நாட்களில் பூமாரி என் பக்கத்தில் கோணியில் உட்கார்ந்து, உடைத்த தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டு நன்றாகத்தான் இருந்தாள். அதிகாரி கண்ணில் படக் கூடாத பிள்ளை என்று என் மகளை நானே ஒப்புக்கொண்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

4. இந்த வருடம் தலையெண்ணும் நாளில் அவளுக்கு மெய்யாகவே காய்ச்சல். புட்டாளம்மை வந்து இரண்டு கன்னமும் வீங்கி, வேப்பிலை போட்டுப் படுக்க வைத்திருந்தேன். ஜெயபாய் டீச்சர் ரிக்‌ஷாவோடு வந்து நின்றார். ஒரு தலை குறைகிறது, பத்து நிமிஷம் உட்கார வைத்துவிட்டுக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினார். அவர் கண் கலங்கியிருந்தது. முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துண்டால் முகத்தைச் சுற்றித் தூக்கிப் போனார்கள். எண்ண வந்தவர் துண்டு எதற்கு என்று கேட்கவில்லையாம். காய்ச்சல் இல்லாத மூன்று நாளும் காய்ச்சல் என்று எழுதியாயிற்று. காய்ச்சல் கொதித்த அந்த ஒரு நாள் ஆஜர். மூன்று வாரம் கழித்து வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கியது. அவர்களுடைய தாய்மாரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்டு முடியவில்லை.

5. ஐயா, இனி நல்லதையும் சொல்ல வேண்டும். இந்த ஜூனில் சாவித்ரி என்ற புது டீச்சர் இரண்டாம் வகுப்புக்கு வந்தார். பூமாரியைச் சுவர் ஓரத்திலிருந்து எழுப்பித் தன் மேசைப் பக்கத்தில் உட்கார வைத்தார். மற்றவர்களுக்கு ஒரு பாடம் என்றால் இவளுக்கு ஒரு எழுத்து, அதுவும் வாரத்துக்கு ஒன்று. மணலில் விரலால் எழுத வைத்தார். அவள் மறந்தால் அதட்டாமல் மறுபடி முதலிலிருந்து. இதற்காக அவர் சர்க்காரிடம் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவர் என்னிடமும் ஒரு வேலை சொன்னார். கடையில் முன் வரிசையில் மூன்று தேங்காய் மேல் பூ, மா, ரி என்று சாக்குக் கட்டியால் எழுதி வையுங்கள், சும்மா பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றார். வைத்தேன். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நம்பிக்கையும் இல்லை, எழுதியது வியாபாரத்துக்கு இடைஞ்சல் வேறு. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் கவனிக்காமல் மூன்றாவது காயைத் தூக்கி ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். பூமாரி எழுந்து அவர் பின்னாலேயே ஓடினாள். “ரி, ரி” என்று கத்திக்கொண்டே ஓடினாள். அவர் ஒன்றும் புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காயை வாங்கிக்கொண்டு வேறு காய் கொடுத்தேன். அன்றைக்கு மேற்கொண்டு என்னால் வியாபாரம் பார்க்க முடியவில்லை. ஐயா, என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்துவிட்டது.

6. சென்ற மாதம் 27ஆம் தேதி ஹெட்மாஸ்டர் ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். நவம்பர் 20ஆம் தேதி இன்ஸ்பெக்ஷன் என்றும், அதற்கு முன்பாக, 15ஆம் தேதிக்குள், நான் டி.சி. எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தனி இடம் இருக்கும், விசாரியுங்கள் என்றார். எங்கே என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சாவித்ரி டீச்சர் கற்றுக்கொடுத்து வருகிறாரே என்றேன். மேசை இழுப்பறையிலிருந்து என் மூன்று லீவு லெட்டர்களையும் எடுத்துப் பரப்பினார். நிரந்தர நோயாளி என்பதற்குத் தாயார் கையெழுத்தே ருசு என்றார்.

இந்த வருடமும் ஒரு லெட்டர் தருகிறேன், பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று அந்த இடத்தில் நான் கேட்டேன். அதையும் மறைக்கவில்லை. அது நடக்காது என்றார். போன தடவை வந்த அதிகாரி, ஒரே பிள்ளைக்கு வருடா வருடம் இன்றைக்கென்று காய்ச்சல் வருவது எப்படி என்று கேட்டுவிட்டாராம். ஹெட்மாஸ்டர் கெட்டவர் அல்ல. டிவிஷன் மேல் கெட்ட குறிப்பு விழுந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நஷ்டம் என்று பயப்படுகிறார். ஆனால் தலையெண்ணி முடித்தாயிற்று; இனி அடுத்த வருடம் வரை அவள் தலை வேண்டியதில்லை என்பதும் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

7. ஆகவே தங்கள் சமூகத்தில் நான் கேட்டுக்கொள்வது:

1975, 1976, 1977 ஆகிய மூன்று நவம்பர் மாதங்களில் நான் எழுதிக் கொடுத்த லீவு லெட்டர்கள் பொய். அவற்றைத் திரும்பப் பெறுகிறேன். அதற்கு என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்கள், பிள்ளைக்கு வேண்டாம். ஜெயபாய் டீச்சர் மேல் நடவடிக்கை எடுக்க நான் கேட்கவில்லை.

டி.சி. கொடுக்கக் கூடாது என்று 15ஆம் தேதிக்கு முன்பாகத் தாங்கள் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். சாவித்ரி டீச்சரை இந்த வகுப்பிலிருந்து மாற்றாமல் இருக்க வேண்டும். இவளைப் போல் இன்னும் இரண்டு பிள்ளைகள் அந்தச் சுவர் ஓரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மேசைப் பக்கத்தில் இடம் உண்டு என்று டீச்சர் சொல்லுகிறார்.

20ஆம் தேதி பூமாரி பள்ளிக்கு வருவாள். நான் லீவு லெட்டர் எழுதப் போவதில்லை. தாங்கள் தயவுசெய்து அவளை எழுப்பிப் பெயரை வாசிக்கச் சொல்ல வேண்டும். நேரமாகும். ஒரு வெற்றிலை மடித்துப் போடும் நேரம் பொறுத்தால் போதும். நடுவில் யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், கடைசி எழுத்து வரை அவளே வருவாள்.

அன்று கடையை மூடிவிட்டுப் பள்ளிக் கேட்டுக்கு வெளியே நிற்கப்போகும்,

வே. வடிவம்மாள்

இடம்: திருவனந்தபுரம்
தேதி: 6-11-1978

இணைப்பு: டாக்டர் சீட்டு, பள்ளியின் பெயர் எழுதிய தனித்தாள்.

மேற்படி மாணவியின் கையெழுத்து:

பூ மா ரி

(அவளே எழுதியது. மூன்றாவது எழுத்து பெரிதாகித் தாளின் ஓரத்துக்குப் போய்விட்டது. வேறு தாளில் எழுதச் சொன்னேன், இதுதான் நன்றாக இருக்கிறது என்று மறுத்துவிட்டாள்.)